மச்சான் கார்... ஆண்டாள் கோயில் பயணம்... இன்ஷூரன்ஸ் யாருக்கெல்லாம் கைகொடுக்கும்?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர்தான். கார் சூடாவதற்குள் ஊர் வந்துவிடும். இவ்வளவு சின்ன தூரம் என்பதாலேயே இந்தச் சாலையில் இரவல் கார்கள் அதிகம். சொந்தத்தில் ஒருவர் கார் வாங்கினால் அது மொத்தச் சொந்தத்துக்கும் கார்தான். "மாப்ள, ஒரு எட்டு ஆண்டாள் கோயிலுக்குப் போயிட்டு வந்துர்றோம், சாவியைக் கொடு" என்று மச்சான் கேட்டால் மறுக்கவா முடியும்? பெட்ரோல் போட்டுத் திருப்பிக் கொடுப்பது கேட்டவரின் மரியாதை. "பெட்ரோல் எதுக்குப் போட்ட?" என்று கோபித்துக்கொள்வது கொடுத்தவரின் மரியாதை. அந்தப் பேச்சில் இன்ஷூரன்ஸ் என்ற வார்த்தை வருவதே இல்லை.

ஊருக்கு வரும் வெளியூர்ச் சொந்தங்களுக்கும் இதே கதைதான். சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்குவார்கள். இரண்டு நாள் தங்குவார்கள். அய்யனார் அருவிக்கு ஒரு நாள், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு நாள். நடுவில் சத்திரப்பட்டியில் இருக்கும் உறவினர் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு. நாட்டின் பல மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிற ஊர் அது. இத்தனைக்கும் அண்ணன் வீட்டுக் கார்தான். ஓட்டுவது தம்பி. பின்னால் அம்மா, அண்ணி, இரண்டு பிள்ளைகள்.

இப்படி ஒரு குடும்பம் காலை ஏழு மணிக்கு ராஜபாளையத்திலிருந்து கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் என்ன நடந்தால் யாருக்குப் பணம் வரும், யாருக்கு வராது?

முதல் விஷயம் நல்ல செய்தி. இந்தியாவில் மோட்டார் இன்ஷூரன்ஸ் வண்டியோடு போகிறது, ஓட்டுபவரோடு அல்ல. பாலிசிக் காகிதத்தில் 'டிரைவர்ஸ் கிளாஸ்' என்று ஒரு பத்தி இருக்கும். பாலிசிதாரர் உட்பட யார் ஓட்டினாலும் செல்லும், ஓட்டுபவரிடம் அந்த வகை வண்டிக்கான செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், அவர் லைசென்ஸ் பெறத் தகுதி இழந்தவராக இருக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். ஆகவே அண்ணன் காரைத் தம்பி ஓட்டலாம், பக்கத்து வீட்டுக்காரரும் ஓட்டலாம். தனியாக யாரிடமும் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டியதில்லை.

பிரிட்டனில் இருந்து விடுமுறைக்கு வரும் சொந்தங்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அங்கே பொதுவாகப் பாலிசியில் பெயர் சேர்க்கப்பட்டவர்கள்தான் காரை ஓட்ட முடியும். பெயர் இல்லாத மைத்துனர் ஸ்டீயரிங்கைத் தொட்டால் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம். அதே சொந்தங்களுக்கு இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. இந்திய லைசென்ஸ் காலாவதியாகி, வெளிநாட்டு லைசென்ஸ் மட்டும் கையில் இருந்தால் அது போதாது. அந்த நாட்டில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். "பத்து வருஷமா லண்டன்ல ஓட்டுறேன்" என்பது இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எடுபடாது.

காரைக் கிளப்பும் முன் ஒரு டீ. ஜவஹர் மைதானம் பக்கமோ பஞ்சு மார்க்கெட் பக்கமோ நிறுத்திக் குடிக்கிற நேரத்தில் செல்போனில் எம்-பரிவாகன் செயலியைத் திறந்து வண்டி நம்பரைப் போட்டால் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை இருக்கிறது என்று தெரிந்துவிடும். இது இரண்டு நிமிட வேலை. ஆனால் அந்தத் தேதியை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. காரணம், 2018 செப்டம்பர் 1-க்குப் பிறகு வாங்கிய புதுக் கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று வருடத்துக்குச் சேர்த்தே வாங்க வேண்டும் என்ற விதி வந்தது. டூவீலருக்கு ஐந்து வருடம். வண்டியின் சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டைப் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் போடுகிறார்கள். விளைவு, 'இன்ஷூரன்ஸ் இருக்கு' என்று நம்பிக்கொண்டிருக்கும் பல கார்களில் பாதிதான் இருக்கிறது. அடுத்தவர் மேல் மோதினால் அவருக்குக் கிடைக்கும். கார் நொறுங்கினால் காருக்கு ஒன்றும் கிடையாது.

அண்ணனிடம் கேட்க வேண்டிய கேள்வி, "இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்பதல்ல. "ஃபுல் இன்ஷூரன்ஸா, தேர்டு பார்ட்டி மட்டுமா?" என்பதுதான். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்குபவர்கள்தான் நம் ஊரில் அதிகம்.

ஊரைத் தாண்டியதும் இடதுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். மழைக்காலம் என்றால் மேகம் பாதி மலையை மறைத்திருக்கும். தென்னந்தோப்பும் மாந்தோப்புமாகப் பச்சை. ராஜபாளையம் சப்பட்டை மாம்பழத்துக்குப் பேர்போன மண் இது. ராஜபாளையம் நாய்க்கும்தான். மில் சங்கு, நூல் மூட்டை, லாரி என்று ஓடும் இந்த ஊர், சென்னை மாகாணத்துக்கு 1949 முதல் 1952 வரை முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசுவாமி ராஜாவின் ஊர். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் அவர்.

சாலை, திருமங்கலத்திலிருந்து தென்காசி வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744. பெயர்தான் தேசிய நெடுஞ்சாலை. கேரளா போகும் சரக்கு லாரி, மில் பஸ், டிராக்டர், ஆட்டு மந்தை, பாதயாத்திரைக் கூட்டம் எல்லாம் ஒரே தாரில் போகின்றன. பழக்கமில்லாத காரில், பிரேக் எவ்வளவு மிதித்தால் நிற்கும் என்று கால் இன்னும் கற்றுக்கொள்ளாத நேரத்தில், முன்னால் போகும் டிராக்டர் திடீரென்று தோப்புக்குள் திரும்பும்.

இங்கே மோதினால்? மோதப்பட்டவருக்கு, அவர் பைக்கில் வந்தவரோ நடந்து போனவரோ, அண்ணனின் இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பு. மூன்றாம் நபரின் உயிருக்கும் உடலுக்கும் ஏற்படும் இழப்பில் உச்சவரம்பு கிடையாது. தீர்ப்பாயம் சொல்லும் தொகை முழுவதும். பொருள் சேதத்துக்கு வழக்கமான கார் பாலிசியில் 7.5 லட்சம் ரூபாய் வரை. மந்தையில் ஓர் ஆடு அடிபட்டால் அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும். சட்டத்தின் கண்ணில் ஆடு ஒரு சொத்து. பெரும்பாலும் ஆட்டுக்காரரிடம் அங்கேயே பேசி முடித்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

தம்பியிடம் லைசென்ஸ் இல்லை என்றால் கதை மாறிவிடும். காரின் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது. அடிபட்டவருக்கு நீதிமன்றம் பெரும்பாலும் கம்பெனியைப் பணம் கொடுக்கச் சொல்லும், ஆனால் அந்தத் தொகையைக் கார் சொந்தக்காரரிடம் திரும்ப வசூலித்துக்கொள்ளவும் அனுமதிக்கும். 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய வழி இது. அதாவது ஓட்டியது தம்பி, வீட்டுப் பத்திரம் போவது அண்ணனுடையது. லைசென்ஸ் இல்லாதவருக்கு வண்டி கொடுத்ததற்கே சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, சமயத்தில் இரண்டுமோ உண்டு. ஓட்டியது 18 வயது ஆகாத பையன் என்றால் 25,000 ரூபாய், மூன்று வருடம் வரை சிறை, ஒரு வருடத்துக்கு வண்டியின் பதிவு ரத்து. "காலியான ரோடுதானே, கொஞ்ச தூரம் ஓட்டட்டும்" என்று பெருமையாகச் சாவி கொடுக்கும் சித்தப்பாக்கள் இந்த எண்களைப் பார்ப்பது நல்லது.

கார் சொந்தக்காரர் லைசென்ஸை வாங்கிப் பார்த்து, அது முறையானதாகத் தெரிந்து, ஓட்டத் தெரிந்தவர் என்று நம்பிக் கொடுத்திருந்தால் போதும். பின்னால் அது போலி என்று தெரிந்தாலும் அவர் மேல் பழி போடக் கூடாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அதனால் "லைசென்ஸைக் காட்டு மாப்ள" என்று கேட்பது அவமரியாதை இல்லை. செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் முதலில் வருவது மடவார்வளாகம் வைத்தியநாத சுவாமி கோயில். பலரும் நேராக ஆண்டாளிடம் போய்விடுவார்கள். அவசரமில்லாதவர்கள் இங்கே இறங்கி ஒரு சுற்று வரலாம். கூட்டமில்லாத, அகலமான பிராகாரம். பிறகு ஊருக்குள் நுழைந்தால் எந்தத் தெருவிலிருந்து பார்த்தாலும் அந்த ராஜகோபுரம். 11 நிலை, 192 அடி. தமிழக அரசு முத்திரையில் இருக்கும் கோபுரம் இதுதான் என்று ஊர்க்காரர்கள் சொல்லாமல் விடமாட்டார்கள்.

ஆண்டாளின் கதையே ஒரு வகையில் இன்னொருவர் பொருளை எடுத்துப் பயன்படுத்திய கதைதானே! பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி அழகு பார்த்தவள். இன்றைக்கும் அவள் சூடிய மாலை திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் விழாவுக்கும் போகிறது. சூடிக் கொடுத்ததைப் பெருமாள் விரும்பி ஏற்றுக்கொண்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடம் அவ்வளவு தாராளம் எதிர்பார்க்க முடியாது.

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று நான்கு ரத வீதிகளிலும் கால் வைக்க இடமிருக்காது. காரைத் தொலைவில் விட்டுவிட்டு நடப்பதுதான் வழி. சாதாரண நாளிலும் கோயிலைச் சுற்றிய தெருக்கள் குறுகல். பால்கோவா கடை முன்னால் ரிவர்ஸ் எடுக்கும்போது பின் பம்பர் ஒரு கம்பத்தில் லேசாக இடிக்கும். இரவல் கார்களுக்கு நடக்கும் விபத்துகளில் அதிகமானவை இந்த ரகம்தான். பெரிய விபத்து இல்லை, யாருக்கும் காயமில்லை. ஆனால் கடை வாசலிலேயே குடும்பத்துக்குள் சின்னப் பேச்சு ஆரம்பிக்கும்.

"இன்ஷூரன்ஸ்ல போட்டுக்கலாம் அண்ணே" என்று தம்பி போனில் சமாதானம் சொல்வார். போடலாம். ஆனால் அதில் யாருடைய பணம் போகிறது என்று பார்க்க வேண்டும். உதாரணமாக, புது பம்பர் 4,000 ரூபாய் என்றால், பிளாஸ்டிக் பாகம் என்பதால் தேய்மானமாகப் பாதியைக் கழிப்பார்கள். 'பம்பர் டு பம்பர்' எனப்படும் தேய்மானமில்லாக் காப்பீடு எடுத்திருந்தால் கழிக்க மாட்டார்கள். 1,500 சி.சி. வரையிலான கார் என்றால் ஒவ்வொரு க்ளெய்முக்கும் கட்டாயமாக 1,000 ரூபாயைச் சொந்தக்காரர் ஏற்க வேண்டும். பெரிய கார் என்றால் 2,000. ஆக பம்பர் கணக்கில் வருவது 1,000 ரூபாய்தான். கூலி தனி.

இழப்பு எங்கே என்றால், நோ க்ளெய்ம் போனஸில். க்ளெய்மே போடாமல் ஒரு வருடம் ஓட்டினால் அடுத்த வருட சொந்தச் சேத பிரீமியத்தில் 20 சதவிகிதம் தள்ளுபடி. அது 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாவது வருடம் 50 சதவிகிதத்தில் நிற்கும். ஐந்து வருடம் அண்ணன் பொறுமையாகச் சேர்த்ததை, ஒரு பம்பர் இடி பூஜ்ஜியமாக்கிவிடும். அந்தப் பிரீமியம் 10,000 ரூபாய் என்றால் அடுத்த வருடம் அவர் கூடுதலாகக் கட்டுவது 5,000. ஓட்டியவரின் பாலிசியில் இது எங்கும் தெரியாது. கார் கொடுத்தவர்தான் கட்டுவார். வாயைத் திறந்து கேட்கவும் மாட்டார். சின்னச் சேதம் என்றால் இடித்தவர் தன் செலவில் சரிசெய்து கொடுப்பதுதான் கணக்கிலும் சரி, உறவிலும் சரி.

பால்கோவாவை விட்டுவிட்டோம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. பாலும் சர்க்கரையும்தான், வேறு ரகசியம் ஒன்றுமில்லை என்பார்கள். கோயிலைச் சுற்றிக் கடைகள் ஏராளம், கூட்டுறவுப் பால் சங்கத்தின் பால்கோவாவுக்கென்று தனி ரசிகர்கள் உண்டு. பெட்டியில் போட்டது ஊருக்கு, இலையில் வைத்துத் தருவது அங்கேயே சாப்பிட. காரைத் திருப்பிக் கொடுக்கும்போது கூடவே கால் கிலோ கொடுத்தால், பம்பர் விஷயம் கொஞ்சம் சுலபமாக முடியலாம்.

இங்கிருந்து பலர் செண்பகத்தோப்புக்கும் போவார்கள், திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கும் போவார்கள். சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயமாக இருந்த இந்த மலையடிவாரம், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. அமாவாசை நாளென்றால் கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறைக்கு, சதுரகிரி ஏற. ஆடி அமாவாசைக்கு அந்தப் பக்கமே வண்டி நகராது.

இந்த மாதிரி நாட்களில்தான் இன்னொரு வகை 'அடுத்தவர் கார்' சாலைக்கு வருகிறது. வெள்ளை போர்டு வண்டி. "தெரிஞ்ச பையனோட வண்டிதான், கிலோமீட்டருக்கு இவ்வளவு கொடுத்தா போதும்." தெரிந்த பையன் நல்லவன்தான். பாலிசிதான் நல்லதல்ல. சொந்தக் காரின் பாலிசி, வாடகைக்கு ஓட்டுவதை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. விபத்து நடந்து, பணம் வாங்கிக்கொண்டு ஓட்டியது தெரிந்தால், காரின் சேதத்துக்கான க்ளெய்ம் அதோடு முடிந்தது. உள்ளே இருந்தவர்களின் நஷ்ட ஈட்டையும் கம்பெனி எதிர்க்கும். பெர்மிட் இல்லாமல் ஓட்டியதற்கு 10,000 ரூபாய் அபராதம் தனி. சொந்தங்கள் சேர்ந்து பெட்ரோல் போட்டுக்கொள்வது வாடகை ஆகாது. கிலோமீட்டர் கணக்கு பேசினால் அது வாடகை. மஞ்சள் போர்டு வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவு அல்ல.

காரில் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் அண்ணிக்கும் என்ன பாதுகாப்பு? இது முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பொறுத்தது: ஃபுல் இன்ஷூரன்ஸா, இல்லையா? பேக்கேஜ் பாலிசி என்றால் காரில் பயணிப்பவர்களும் மூன்றாம் நபர் பாதுகாப்புக்குள் வருவார்கள் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009-லேயே நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. சட்டத்துக்காகப் போடும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் என்றால் காருக்குள் ஓசியில் பயணிப்பவர்களுக்கு அது பொருந்தாது. இந்த வித்தியாசத்தை 2012-ல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சாலையில் போகிற முன்பின் தெரியாதவருக்குக் கிடைப்பது, பின்சீட்டில் இருக்கும் சொந்த அம்மாவுக்குக் கிடைக்காமல் போகலாம். பிரீமியத்தில் சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பவர்கள் இதை யோசித்துப் பிடிப்பதில்லை.

இனி, ஓட்டுகிற தம்பி. காரில் இருக்கும் அத்தனை பேரிலும் பாதுகாப்பு மிகக் குறைந்தவர் அவர்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருபவர்கள் எல்லாரும் கோயிலுக்கு வருபவர்கள் இல்லை. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இந்த ஊரில் இருக்கிறது. மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டு வழக்குகளுக்காகவும் மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து குடும்பங்கள் இங்கே பஸ் ஏறி வருகின்றன. டி.என்.84 என்ற நம்பரைக் கொடுக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் இதே ஊர்தான். வண்டிக்கு நம்பர் வாங்குவதும் இங்கே, அந்த வண்டியால் வந்த வழக்கும் இங்கே.

நஷ்ட ஈடு கேட்டு வருபவர்களில், இரவல் வண்டியை ஓட்டிப்போய் இறந்தவர்களின் குடும்பங்கள் சட்டத்தின் ஒரு மூலையில் மாட்டிக்கொள்கின்றன. அந்த மூலையைக் காட்டியது கர்நாடகத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போன நிங்கம்மா வழக்கு. 2000-ம் ஆண்டு, ஒருவர் தெரிந்தவரின் ஹீரோ ஹோண்டா பைக்கை வாங்கிக்கொண்டு இல்கல்லிலிருந்து தன் ஊருக்குக் கிளம்பினார். முன்னால் இரும்புத் தகடு ஏற்றிப்போன மாட்டுவண்டி திடீரென்று நின்றது. அதில் மோதி இறந்தார். பைக்குக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. மனைவி நஷ்ட ஈடு கேட்டார். 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் அந்த நேரத்துக்குச் சொந்தக்காரரின் இடத்தில் நிற்கிறார். சொந்தக்காரர் தன்னிடமே நஷ்ட ஈடு கேட்க முடியாது. எனவே யார் தவறு என்று பார்க்காமல் கொடுக்கும் நஷ்ட ஈடு அவர் குடும்பத்துக்குக் கிடையாது. வேறு பிரிவில் ஏதாவது வழி உண்டா என்று பார்க்கச் சொல்லி வழக்கை உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது.

2020 ஜனவரியில் ராஜஸ்தானிலிருந்து போன ராம்கிலாடி வழக்கிலும் இதே நிலை. இரவல் பைக்கில் போனவர் இறந்தார். பாலிசியில் சொந்தக்காரருக்கென்று இருந்த தனிநபர் விபத்துக் காப்பீட்டுத் தொகை மட்டும், ஒரு லட்சம் ரூபாய் கிடைத்தது. எதிரே வந்த வண்டியின் இன்ஷூரன்ஸிடம் கேட்டிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

எதிரே ஒரு வண்டி இருந்தால், தவறு அவர்களுடையது என்றால், அந்த வண்டியின் கம்பெனியிடம் கேட்கலாம். தம்பியின் குடும்பத்துக்கு அந்த வழி திறந்தே இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம் ஆறு மாதத்துக்குள் மனு போடச் சொல்கிறது, அதனால் காரியம் முடிந்து ஆற அமரப் போகலாம் என்று இருக்கக் கூடாது. ஆனால் எதிரே வண்டியே இல்லை, தூக்கக் கலக்கத்தில் புளியமரத்தில் மோதினார் என்றால்? 2014-ல் கர்நாடகத்தில் தந்தை, சகோதரி, அவருடைய பிள்ளைகளோடு காரில் போனவர், கார் கவிழ்ந்து இறந்தார். குடும்பம் 80 லட்சம் ரூபாய் கேட்டது. தன்னுடைய வேகத்தாலும் கவனக்குறைவாலும் நேர்ந்த மரணத்துக்குக் கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

பாலிசியில் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒரு வரி இருக்குமே, அது? 2018-ல் கட்டாயமாக உயர்த்தப்பட்ட தொகை அது. அதன் பெயரே 'ஓனர் டிரைவர்' காப்பீடு. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருக்கும் சொந்தக்காரருக்கு, அவரிடம் லைசென்ஸ் இருந்தால் மட்டும். அவர் ஓட்டும்போதும், ஓட்டுபவருக்குத் துணையாக உடன் பயணிக்கும்போதும் செல்லும். அதை நம்பித் தம்பியின் குடும்பம் காத்திருக்க முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தம்பிக்குப் பதிலாக ராஜபாளையத்தில் ஓர் 'ஆக்டிங் டிரைவர்' பிடித்துச் சம்பளம் கொடுத்து ஓட்டச் சொல்லியிருந்தால், அவருக்குப் பாதுகாப்பு அதிகம். சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கான பொறுப்பைக் கார் பாலிசியில் வருடத்துக்கு 50 ரூபாய் அளவில் சேர்த்துக்கொள்ளலாம். பாசத்துக்காக ஓட்டும் மச்சானுக்கு அப்படி ஒரு வரி இல்லை.

ஆகவே தம்பி தன் பாதுகாப்பைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். யார் வண்டியை ஓட்டினாலும், பஸ்ஸில் போனாலும், நடந்து போனாலும் கூடவே வரும் தனிநபர் விபத்து பாலிசிகள் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிடமும் உண்டு. மில் வேலைக்காரர்கள், லோன் கட்டுபவர்கள், வீட்டில் சம்பாதிப்பவர் ஒரே ஆள் என்றிருப்பவர்கள், சொந்தக் கார் இல்லாவிட்டாலும் முதலில் வாங்க வேண்டியது அதைத்தான்.

இன்னும் ஒரு வகை இரவல் கார் உண்டு. யாரும் அதை இரவல் என்று நினைப்பதில்லை. அப்பா கார். அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். ஆர்.சி.யும் பாலிசியும் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும். மகன் ஓட்டிக்கொண்டிருப்பார். பாலிசிதாரர் இறந்தால் மூன்று மாதம் வரை, அல்லது பாலிசி முடியும் தேதி வரை, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் அது செல்லும் என்பது பாலிசி நிபந்தனை. அதற்குள் பெயர் மாற்ற வேண்டும். விற்ற காருக்கும் இதே அவசரம் உண்டு. விற்றுவிட்டோம் என்று சாவியைக் கொடுத்துவிட்டு, ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் விட்டால் சட்டத்தின் பார்வையில் பழைய சொந்தக்காரர்தான் சொந்தக்காரர். விபத்து நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அத்தனைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் ராஜபாளையத்துக்கு அரை மணி நேரம்தான்.

விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால் பதற்றத்தில் முதலில் தோன்றும் யோசனை, "அண்ணன் ஓட்டினதாச் சொல்லிரலாம்" என்பது. லைசென்ஸ் இல்லாத மருமகனைக் காப்பாற்ற மாமனார் முன்வருவார். சாலையோரக் கேமரா, செல்போன் டவர், ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதிய காயத்தின் பக்கம் என்று எதிலாவது அது வெளுத்துவிடும். அப்போது, நியாயமாகக் கிடைத்திருக்க வேண்டியதும் சேர்ந்து போகும். அன்றைக்கே கம்பெனிக்கும், காயம் இருந்தால் போலீஸுக்கும் சொல்லிவிட வேண்டும். வண்டியை நகர்த்தும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தனி பாலிசிக்கு இப்போது பணம் இல்லை என்பவர்களுக்குக் குறைந்தபட்சமாக ஒன்று இருக்கிறது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம். வங்கிக் கணக்கு வைத்திருக்கும் 18 முதல் 70 வயது வரையுள்ள யாரும் சேரலாம். வருடத்துக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். கார் யாருடையது என்று கேட்காது. பணம் மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாக எடுக்கப்படும். அன்றைக்குக் கணக்கில் 20 ரூபாய் இல்லாவிட்டால் ஜூன் 1 முதல் பாதுகாப்பு நின்றுவிடும். ஆடிப்பூரம் வருவது அதற்குப் பிறகுதான்.